சொல்லிக்கொடுத்ததும் காட்டிக்கொடுத்ததும்

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி பிப்ரவரியிலேயே தொடங்குமா என்று புத்தியுள்ள எந்தத் தகப்பனும் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் மதியம் சாப்பிட்ட கையோடு என் மகள் கிள்ளானுக்கு ரயிலேறினாள். அங்கே எங்கள் சபையின் கிளையில் இளையோர் பாடகர் குழு ஒன்று இருக்கிறது, டிசம்பரில் நாலு குரலில் பாடப்போகிறார்கள் என்று மனைவி சொன்னாள். நாலு குரல் என்றால் பத்து மாதம் பிடிக்கத்தான் செய்யும் என்று காரணத்தையும் நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஏமாற்றுகிறவர்களுக்கு இவ்வளவு ஒத்தாசையான ஆள் கிடைப்பது அபூர்வம்.

ஏழு மாதமாக அவள் வீட்டில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுக்கவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

அவள் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த வருடம், இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பாமல் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவாயிற்று. யாரோ முடிவு செய்ததுபோல் எழுதுகிறேன். முடிவு செய்தவன் நான். மனைவி சுபாங் ஜெயாவில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கணக்கும் அறிவியலும் மாலையில் அவள் பொறுப்பு. மலாயும் ஆங்கிலமும் கணினி வழியே. வரலாறு என்னுடையது. மருந்துத் துண்டுச்சீட்டுகளையும் காப்புறுதிப் பத்திரங்களையும் தமிழில் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் நான். பகலில் என்னிடம் நேரமும், கேட்க ஆளில்லாத கருத்துகளும் நிறைய இருந்தன.

என் கருத்துகளில் தலையாயது இது: பாடநூலில் யாருக்கும் வியர்ப்பதில்லை. அரசன் வருகிறான், ஒப்பந்தம் கையெழுத்தாகிறது, நாலு காரணங்கள், மூன்று விளைவுகள். அந்த மூன்று விளைவுகளுக்குள் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை நாவல்தான் சொல்லும். ஆகவே நாங்கள் நாவல்களில் வரலாறு படித்தோம். மலாக்கா விழுந்ததை ஒரு மிளகு வியாபாரியின் கதையில் படித்தோம். ரப்பர் தோட்டத்தைப் பால் வாளி சுமந்த ஒருத்தியின் கதையில் படித்தோம். ஒவ்வொரு புத்தகமும் முடிந்ததும் நான் ஒரே கேள்வி கேட்பேன்: இந்தக் கதையில் தேவன் எங்கே இருந்தார்? அதற்கு அவள் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். சிவப்பு மையால் திருத்துவதில்லை என்பது என் கொள்கை. பென்சிலால் ஓரத்தில் மெல்ல ஏதாவது எழுதுவேன். என்னை நானே மிகவும் மென்மையான ஆசிரியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றிவிட்டவர் ஒரு நண்பர். எங்கள் சபையில் எல்லா ஆண்களும் ஒருவரையொருவர் பிரதர் என்றுதான் கூப்பிடுவோம். பெயர் மறந்துவிட்டாலும் சமாளிக்கலாம். ஆனால் இவர் எனக்கு உண்மையாகவே பிரதர். அரசாங்கப் பள்ளியில் இருபது வருடம் செஜாரா, அதாவது பரீட்சைக்குரிய வரலாற்றுப் பாடம், நடத்திவிட்டு முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர்.

"இருவது வருஷம் அந்தப் புக்க வச்சுப் பிள்ளைங்களக் கொன்னேன், பிரதர்," என்று ஒருநாள் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது சொன்னார். "ஆண்டவர் என்னைய மன்னிக்கணும். என் பிள்ளைங்கள நான் அந்தப் பக்கமே விடப் போறதில்ல. வீட்டுலதான். கதையிலதான்."

நான் விழுந்துவிட்டேன். இருவருமாகச் சேர்ந்து ஆறு குடும்பங்களைப் பிடித்தோம். புதன்கிழமை காலையில் ஆலயத்தின் பின்மண்டபத்தில் கூடுவோம். அவர் உரக்க வாசிப்பார், நான் விளக்கம் சொல்வேன், பிள்ளைகள் பிஸ்கட் தின்பார்கள்.

குழுவுக்கு ஒரு பேனர் செய்ய வேண்டும் என்றார். வாசகத்தை ஆங்கிலத்தில் யோசித்து, தமிழில் தானே எழுதி, ஆறடி நீளத்துக்கு அச்சடித்தும் கொண்டுவந்துவிட்டார். விரித்துக் காட்டினார். பெரிய நீல எழுத்தில் இருந்தது: 'வரலாற்றைச் சொல்லிக்கொடுக்க மாட்டோம், காட்டிக்கொடுப்போம்!'

நான் வாயைத் திறந்தேன். ஒரு மருந்தை உணவுக்கு முன்பா பின்பா என்று இரண்டு முறை சரிபார்க்கிறவன் நான். வார்த்தை மாறினால் ஆள் போய்விடும் என்று தெரிந்தவன். ஆனால் அவர் முகம் மாப்பிள்ளை முகம்போல் பளபளத்தது.

"எப்படி பிரதர்? பஞ்ச் இருக்குல்ல?"

"இருக்கு பிரதர்," என்றேன்.

ஆறு குடும்பங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவை இரண்டுதான். ஒருமுறை மண்டபத்தைக் கூட்ட வந்த ஆன்டி மட்டும் துடைப்பத்தோடு நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாரத் தம்பி காட்டிக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். நண்பர்தான் அதிகமாகச் சிரித்தார். நாலு வருடம் அந்தப் பேனருக்குக் கீழே உட்கார்ந்துதான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள்.

ஜப்பான்காரன் காலத்துக்கு வந்தபோது, சயாமில் ரயில்பாதை போடத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை அள்ளிக்கொண்டு போனதைப் பற்றிய நாவலை எடுத்தோம். ரயில் பெட்டிகளில் அடைத்துக் கொண்டு போகும் அத்தியாயத்தை நண்பர் வாசித்தார். தண்ணீர் கேட்டு ஒருவன் கதவைத் தட்டுகிற இடத்தில் அவர் குரல் உடைந்துவிட்டது. புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளைகள் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார்கள். பாடநூலைத் தூக்கிப்போட்டதற்கு அந்த ஒரு நிமிடம் போதும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நாவலுக்கு என் மகள் எழுதிய பக்கம்தான் என் வாழ்க்கையின் உச்சம் என்று சொல்ல வேண்டும். 'தேவன் மூன்றாவது பெட்டியில் இருந்தார். அவருக்கும் தண்ணீர் கொடுக்கவில்லை' என்று முடித்திருந்தாள். பதினாறு வயது. நான் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் ஆலயத்தில் முன்னால் போய் நின்று வாசித்தேன். இரண்டு வரிசை அழுதது. நண்பர் எழுந்து நின்று ஆமென் சொன்னார். என் மகள் மூன்றாம் வரிசையில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்மை என்று நினைத்தேன்.

இவ்வளவும் பாட்டுப் பயிற்சிக்கு முந்திய வருடம்.

செப்டம்பரில் ஒரு நாள் அதே நாவல் எனக்குத் தேவைப்பட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். மகளின் அலமாரியிலிருந்து எடுத்தேன். நடுவில் அடையாளத்துக்கு ஒரு காகிதம் மடித்து வைத்திருந்தாள். நகலெடுத்த தாள். கையெழுத்தில் மலாய். மேலே வலது மூலையில் பொடி எழுத்தில் 'தே.ம.' என்று இருந்தது.

எங்கள் ஆட்களில் சிலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. எந்தத் தாளை எடுத்தாலும் மூலையில் தேவனுக்கு மகிமை என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவார்கள். அதையும் சுருக்கித் 'தே.ம.' என்று போடுகிறவர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். பாடகர் குழு வருகைப் பட்டியலாக இருக்கும் என்று அப்போதும் நினைக்கப் பார்த்தேன். தாளில் இருந்தது இது:

சயாம் ரயில்பாதை. கட்டாய உழைப்பு, ஒரு மார்க். உணவுப் பற்றாக்குறை, ஒரு மார்க். நோய், ஒரு மார்க். தோட்டங்களில் ஆள் குறைவு, ஒரு மார்க். அதன் கீழே இரண்டு கோடு போட்டு: இதற்கு மேல் எழுத வேண்டாம். நேரம் வீண்.

அந்தத் தாளை நான் மொழிபெயர்ப்பாளனாகவே திரும்பத் திரும்பப் படித்தேன். பிழையே இல்லை. நான்கும் உண்மை.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவள் கிளம்பியதும் அடுத்த ரயிலில் கிளம்பினேன். சொந்த மகளைப் பின்தொடர்வது எவ்வளவு கேவலம் என்று ரயிலில் யோசிக்க நேரம் நிறைய இருந்தது. கிள்ளானில் இறங்கி சபைக் கிளைக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து ஒட்டுக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பாட்டா? சனிக்கெழமையா? இல்லியே, அண்ணே. ஞாயித்துக்கெழமதான் தொறப்பாங்க. நீங்க டியூசன் தேடுறீங்களா? நெறைய பிள்ளைங்க அந்தப் பக்கந்தான் போகுதுங்க, லிட்டில் இந்தியா பக்கம். சேலக் கட மாடியில."

மாடிப்படியில் பாதி ஏறும்போதே நண்பரின் குரல் கேட்டது. புதன்கிழமைக் குரல் அல்ல. மீன் சந்தைக் குரல்.

"கீவேர்டு! கீவேர்டு இல்லன்னா மார்க் இல்ல! கண்ணீர் விட்டு எழுதாத, திருத்துறவங்களுக்கு டைம் இல்ல லா! ரயில், நாலு பாயிண்ட், யாரு சொல்றது?"

"சார், நான்!"

என் மகள். அவ்வளவு உரத்த குரலை நான் அவளிடம் கேட்டதே கிடையாது. வீட்டில் அவள் பேசுவது பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல் இருக்கும். இங்கே நாலு பாயிண்டையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். "அஞ்சாவது பாயிண்ட் வேணுமா சார், ஸ்பேர்?" என்றாள். இருபது பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒளிவுமறைவே இல்லை. படியில் ஒளிந்து நின்றது நான்தான்.

இடைவேளையில் நண்பர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் ஓடவில்லை, திடுக்கிடவும் இல்லை. ஒரு பெருமூச்சு விட்டார். கடன்காரன் மாதிரி வந்து நின்றவன் நானாகிவிட்டேன்.

"வாங்க பிரதர். தெரிஞ்சிருச்சா? கீழ போய் ஒரு தே தாரிக் குடிப்போம்."

"எனக்கு வேணாம்."

"சரி, நின்னுக்கிட்டே திட்டுங்க."

"உங்க பிள்ளைங்க?" என்றேன். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் மாதக்கணக்காகப் புதன்கிழமை வருவதில்லை. ஒருவனுக்கு மூக்கடைப்பு, இன்னொருத்திக்குத் தலைவலி. வாரம் தவறாமல் நான் ஜெபித்து வந்தேன்.

"ஸ்கூல்லதான். போன வருஷத்துலேந்து."

"மூக்கடைப்பு?"

"அது உண்மையிலேயே மொத வாரம் இருந்திச்சு பிரதர்."

"நீங்கதானே சொன்னீங்க, இருவது வருஷம் கொன்னேன்னு? நீங்கதானே அந்த ரயில் பெட்டிய வாசிச்சிட்டு அழுதீங்க? அது நடிப்பா?"

முதல்முறையாக அவர் முகம் மாறியது. "அது நடிப்பு இல்ல. புதன்கெழம நான் சொல்றது உண்மை, பிரதர். சனிக்கெழம நான் சொல்றது அவசியம். செஜாரா பெயிலாப் போனா எஸ்.பி.எம். சர்ட்டிபிகேட்டே இல்ல. உங்களுக்குத் தெரியுந்தானே?"

தெரியும். அந்தப் பள்ளியிறுதிச் சான்றிதழ் இல்லாமல் மேற்படிப்பு இல்லை என்று எல்லாரையும்போல் எனக்கும் தெரியும். ஆனால் அது ஏதோ வேறு வீட்டுப் பிள்ளைகளுக்குரிய சட்டம்போல் ஒரு ஓரத்தில் தெரியும்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொல்ல வந்தேன். மூணு தடவ. ஒவ்வொரு தடவையும் நீங்க பாடநூலப் பத்தி ஒரு ஜோக் சொன்னீங்க. நல்லாத்தான் இருந்திச்சு. நான் சிரிச்சிட்டு வந்துட்டேன்." பிறகு கொஞ்சம் தயங்கி, "சிஸ்டர்தான் கொண்டாந்து சேர்த்தாங்க. ஆனா கேட்டது உங்க மகதான்," என்றார்.

சிஸ்டர் என்றால் என் மனைவி.

வகுப்பு முடிந்து மகள் படியிறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் குரல் மறுபடி வீட்டுக் குரலானது. "ப்பா," என்றாள். அவ்வளவுதான். ரயில் நிலையம்வரை பூக்கடைகளின் முன்னால் நடந்தோம். ரயில் வந்ததும் அவள் வழக்கம்போல் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டாள். கோபத்தில் அவள் பின்னாலேயே ஏறப்போன என்னை ஒரு மலாய்க்கார அம்மா, சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி இறக்கிவிட்டார். அடுத்த பெட்டியில் நின்றேன். இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் அவள் தலை தெரிந்தது. கிள்ளானிலிருந்து சென்ட்ரல் நிலையம்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல். அதற்குள் பிரமாதமான மூன்று சொற்பொழிவுகள் தயாரித்தேன். ஒன்றில் கொஞ்சம் நகைச்சுவையும் சேர்த்திருந்தேன்.

சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடக்கும்போது முதல் சொற்பொழிவை ஆரம்பித்தேன். நாலு வருடம், எத்தனை புத்தகம், எத்தனை புதன்கிழமை. கடைசியில் நாலு பாயிண்ட், நாலு மார்க். செத்துப்போன அத்தனை பேரையும் ஒரு ஸ்கீமாவுக்குள் அடைத்துவிட்டாயே என்றேன். ஸ்கீமா என்பது திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைப் பட்டியல். அதில் இருப்பதை எழுதினால் மார்க், இல்லாததை எழுதினால் இல்லை. இந்த நாட்டில் பரீட்சை எழுதிய எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை.

அவள் வடை வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நீங்களும் ஸ்கீமாதான் வச்சிருந்தீங்க, ப்பா."

"நானா?"

"தேவன் எங்க இருந்தாருன்னு கேட்பீங்க. எந்தப் புக்கா இருந்தாலும் ஒரே ஆன்சர். கஷ்டப்பட்டவங்களோட இருந்தாரு. அது வர்ற வரைக்கும் பென்சில்ல 'இன்னும் யோசித்துப் பார்' அப்படின்னு எழுதுவீங்க."

"யோசிக்கச் சொல்றது தப்பா?"

"அந்த ரயில் புக்குக்கு நான் மொதல்ல என்ன எழுதினேன், தெரியுமா? தெரியலன்னு எழுதினேன். எங்க இருந்தாருன்னு எனக்குத் தெரியல. ஒரே வரி. நீங்க யோசிச்சுப் பாருன்னு எழுதினீங்க. ரெண்டாவது தடவையும் அதான் எழுதினேன். மறுபடி யோசின்னீங்க. மூணாவது தடவையும்."

எனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை.

"அப்புறம் சாப்பிடறப்ப நீங்களே அம்மாகிட்ட சொன்னீங்க. அவரும் அந்தப் பெட்டியில தண்ணியில்லாம உட்கார்ந்திருப்பாருன்னு. நான் அத எழுதிட்டேன். 'மூணாவது' மட்டும்தான் என்னோடது."

வடை வண்டிக்கார அக்கா, "பருப்பு வடையா, உளுந்து வடையா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நண்பர் ஏமாற்றியதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. மனைவி ஏமாற்றியதைக்கூட, கொஞ்சம் நாள் பிடித்தாலும். சனிக்கிழமைகள் ஏழு மாதம்தான். ஆனால் அந்த நோட்டுகள் நாலு வருடம். ஐந்து நோட்டுகளை நான் என் மொழிபெயர்ப்பு அகராதிகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டியிருக்கிறேன். என் மகள் இப்படி நினைக்கிறாள் என்று. அதில் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க நான். என் வாக்கியத்தை நானே ஆலயத்தில் வாசித்து, இரண்டு வரிசையை அழவைத்திருக்கிறேன்.

"ஆலயத்துல வாசிச்சப்பயாவது சொல்லியிருக்கலாமே," என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"எப்படி ப்பா? எல்லாரும் அழுதாங்க."

வீட்டில் மனைவி கதவைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். தட்டு எடுத்து வைத்தாள்.

"ஏழு மாசம் எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கே," என்றேன்.

"ஆமாங்க. தப்புத்தான். நீங்க அவகிட்ட ஒரு நாளாவது பரீட்ச எப்பன்னு கேட்டிருந்தா, அன்னிக்கே சொல்லியிருக்க வேண்டி வந்திருக்கும். பரீட்ச பார்ம் நிரப்பறப்ப தகப்பன் கையெழுத்துக்கூட உங்களோடதுதான். காப்புறுதித் தாளோட சேர்த்து நீட்டினேன். படிக்காமப் போட்டீங்க."

படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று நூற்றுக்கணக்கான பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதியவன் நான்.

அடுத்த புதன்கிழமை மண்டபத்துக்குப் போனேன். போகாமல் இருப்பதற்கு மற்ற குடும்பங்களுக்கெல்லாம் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணத்தை என் வாயால் சொல்ல முடியவில்லை. நண்பர் வந்திருந்தார். வழக்கம்போல் என்னைக் கட்டிப்பிடித்து, "பிரைஸ் த லார்ட், பிரதர்," என்றார். புதிதாகச் சேர்ந்த குடும்பத்துக்காக ரயில் பெட்டி அத்தியாயத்தை மறுபடி வாசித்தார். தண்ணீர் கேட்டுத் தட்டுகிற இடத்தில் அவர் குரல் உடைந்தது. போன வருடம் உடைந்த அதே வார்த்தையில் உடைந்தது. நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. புதிய குடும்பத்தின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் போன்றவர்கள் கிடைத்தது பாக்கியம் என்றார். நான் மேசையைத் துடைத்தேன். அதன்பிறகு நான் போகவில்லை. முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். நண்பர் எனக்காக ஜெபித்து வருவதாகக் கேள்வி.

வீட்டில் வரலாறு நின்றுவிட்டது. நிறுத்தியது யார் என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் வாசிக்க உட்காரும் மேசையில் அவள் தன் பயிற்சித் தாள்களோடு உட்கார்ந்தாள். நான் எதிரில் ஒரு நீரிழிவு மாத்திரையின் பக்கவிளைவுகளை மொழிபெயர்த்தேன். ஒருமுறை அவளே தலைநிமிர்ந்து, "ப்பா, என்னைய ஒரு கேள்வி கேளுங்க, டெஸ்ட் பண்ணுங்க," என்று நண்பரின் தாளை நீட்டினாள். கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். "வெரி குட்," என்றேன். நாலு வருடத்தில் நான் அவளுக்கு அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

ஐந்து நோட்டுகளையும் ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். ரயில் நாவலுக்குரிய பக்கத்துக்கு முந்திய பக்கங்களில் அழித்த தடம் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம். 'தெரியவில்லை' என்று ஒரே வரி. அதன் ஓரத்தில் என் பென்சில், அழகான கையெழுத்தில். அடுத்த பக்கத்திலும். அதற்கடுத்த பக்கத்திலும். மூன்று முறை என்று அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு முறையும் நான் பென்சிலைக் கொஞ்சம் அழுத்தியிருக்கிறேன்.

தனித்தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கிள்ளானில் ஒரு பள்ளியில் இடம் போட்டிருந்தார்கள். செஜாரா பரீட்சை அன்று நானே காரில் கொண்டுபோனேன். வாசலில் நண்பர் நின்றிருந்தார், தன் இருபது பிள்ளைகளையும் வட்டமாக நிறுத்தி ஜெபிக்கத் தயாராக. இருபதில் முக்கால்வாசி இந்துப் பிள்ளைகள். ஒரு முஸ்லிம் பையனும் இருந்தான். எல்லாரும் ஒழுங்காகத் தலைகுனிந்தார்கள். என் மகள் ஓடிப்போய் வட்டத்தில் சேர்ந்துகொண்டாள். நான் காருக்குள்ளிருந்தே கண்ணை மூடினேன். அவர் ஜெபம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

மதியம் அவள் வெளியே வந்து காரில் ஏறி, இடுப்பு வாரைப் போட்டுக்கொண்டாள். நான் எதுவும் கேட்கக்கூடாது என்று மனைவி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள். பள்ளியைத் தாண்டி முதல் சிவப்பு விளக்கில் நின்றோம்.

"ரயில் கேள்வி வந்திருச்சு, ப்பா."

"எப்படி எழுதின?"

"நாலு பாயிண்ட். கூட ரெண்டு ஸ்பேர். ஸ்கீமா படி."

"நல்லது," என்றேன். மனதாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எண்ணிக்கை காட்டும் விளக்கில் நாற்பது நொடி மீதி இருந்தது.

"கடைசியில டைம் இருந்திச்சு. ரெண்டு வரி எக்ஸ்ட்ரா எழுதினேன். என்னோடது. மார்க் கெடைக்காது."

"தமிழ்லயா?"

"மலாய்லதான். செஜாரா பேப்பர்ல தமிழ் எழுதுவாங்களா?"

என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ. நாலு வருடம் அந்தக் கேள்வியைக் கேட்டு, என்னிடமிருந்தே பதில் வாங்கியவன் நான். இனி எங்கோ ஒரு மேசையில், முன்னால் அடுக்கி வைத்த கட்டிலிருந்து அவள் தாளை எடுத்து, நாலு சரி போட்டு, அந்த இரண்டு வரியில் யாரோ ஒரு ஆசிரியை கண்ணை ஓட்டுவார். படிப்பாரோ, நேரம் இல்லையென்று தாண்டுவாரோ. என் மகள் என்ன நினைக்கிறாள் என்பது, பேர்கூடத் தெரியாத அந்த அம்மாவிடம் போகிறது.

விளக்கு பச்சையானது. பின்னாலிருந்த லோரிக்காரர் ஹாரனை அமுக்கினார். "ப்பா, போங்க," என்றாள் மகள்.